வலிக்காத கை

யாருக்கு எங்கே வலித்தாலும் என் அண்ணி வலிக்காத பக்கத்தைத்தான் முதலில் தொடுவார். இஸ்திரிப் பெட்டியில் இடது கை விரலைச் சுட்டுக்கொண்டு நான் உதறிக்கொண்டிருப்பேன். அவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அண்ணனுக்கு ஒரு கால் செருப்பு கடித்தால், கடிக்காத செருப்பைக் கையில் எடுத்து ஆராய்வார்.

"எனக்குப் பல்லு வலின்னா இவ உன் வாயைத் திறந்து பாப்பா. எதுக்கும் பல்லை விளக்கி வச்சுக்க" என்று அண்ணன் என்னிடம் சொல்வார்.

இப்போதும் அந்தப் பழக்கம் இருக்கிறது. ஆனால் நடுவில் அதோடு ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. வலிக்காத கையைத் தொட்டவுடன், "இதுவும் வலிக்குதா?" என்று கேட்கிறார். வலிக்கவில்லை என்று எதிரில் இருப்பவர் சொல்லி முடித்திருந்தாலும் கேட்கிறார். சிலர் எரிச்சல்படுவார்கள். "எத்தனை தடவை சிஸ்டர் சொல்றது?" என்பார்கள். அண்ணி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணி ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். பெயிண்ட் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஐந்து கட்டில் போட்ட இடம். உள்ளே நுழைந்தால் மருந்து வாசனைக்கு முன்னால் டர்பன்டைன் வாசனைதான் வரும். அங்கே எக்ஸ்ரே கிடையாது. கை கால் அடிபட்டு வருகிறவர்களை ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். போக வர, வரிசையில் நிற்க, ஒரு நாள் கூலி போய்விடும். முக்கால்வாசிப் பேர் போக மாட்டார்கள். "சுளுக்குதான், சரியாயிடும்" என்று தைலம் வாங்கித் தேய்த்துக்கொள்வார்கள்.

நானும் என் மகளும் அண்ணன் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். வீட்டிலேயே துணி தைப்பேன். எனக்குப் பேச்சு வராது. பேச வேண்டிய நேரத்தில் தொண்டைக்குள் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரம் போன பிறகு, மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது, நல்ல நல்ல வாக்கியமாகத் தோன்றும். அண்ணி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்ப்பது, கடைக்காரரிடம் சண்டை போடுவது எல்லாம் அவர்தான். அண்ணனுக்கும் அவருக்கும் பிள்ளைகள் இல்லை. என் மகளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்ததும் அவர்தான். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, உருண்டையாக இருந்தாளாம்.

அந்த மருத்துவமனைக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வந்தது. வயிற்றில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் மெஷின்தான். கூடவே கண்ணாடி போட்ட ஒரு இளம் டாக்டரம்மாவும் வந்தார். அவர்தான், இதை வைத்து எலும்பையும் பார்க்கலாம் என்றார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம், கட்டிலருகே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தால் போதும் என்றார். அண்ணி முதலில் நம்பவில்லை.

"எலும்புக்குள்ள இது போகுமா மேடம்?"

"உள்ள போக வேண்டாம் சிஸ்டர். மேல் விளிம்பு தெரிஞ்சா போதும்."

அண்ணி கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் தொடக் கிடைத்த எல்லோரும் அவருக்குப் பாடமானோம். சாப்பாட்டுக் கூடை கொண்டுபோன என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, முழங்கைக்குக் கீழே ஜில்லென்று ஜெல்லைத் தடவி, சவர மெஷின் மாதிரி இருந்த ஸ்கேன் மெஷினின் தலையை மெதுவாக நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறப் புகை. புகைக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

"இதான் உன் எலும்பு. கோடு ஒழுங்கா ஓடுது பாரு. உடைஞ்சிருந்தா இதுல ஒரு படி விழும். இல்ல, கோடு அந்து போயிருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு உடையாது, நசுங்கும். அப்ப லேசா ஒரு புடைப்பு தெரியும்."

என் எலும்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. சேலையைச் சரிசெய்வதுபோல முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று அண்ணி சொல்வார். வளர்கிற எலும்பின் நுனியில் இயற்கையாகவே ஓர் இடைவெளி இருக்கும். எது வளர்கிற இடம், எது அடிபட்ட இடம் என்று குழப்பும். அதற்கு டாக்டரம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். முதலில் வலிக்காத கையைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையின் எலும்பு எப்படி இருக்கும் என்பதை அந்தக் கையே காட்டிவிடும். பிறகு வலிக்கிற கை. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பயமில்லை. அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: உடையவில்லை என்ற வார்த்தையை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே.

அண்ணி ஜெல் புட்டியை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, அழுகிற பிள்ளையின் அடிபடாத கையை முதலில் வாங்கி, "இது நல்ல கை, இதுக்குக் கொஞ்சம் ஐஸ்கிரீம் தடவலாமா?" என்பார். பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். கூலிக்காரர்கள் அண்ணியைத் தேடி வந்தார்கள். "படம் பாக்குற சிஸ்டர்" என்று பெயர் பரவியது. அண்ணிக்கு நடையே மாறிவிட்டது. "இவ தெருவுல யாரைப் பாத்தாலும் எலும்பாத்தான் பாக்குறா" என்று அண்ணன் சிரிப்பார்.

பட்டாணிக்கு அப்போது எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடி வீட்டுப் பெண்ணின் சக்கரச் செருப்பை இரவல் வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு, சரிவான சந்தில் இறங்கினாள். நிறுத்தத் தெரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சிமெண்ட் தரையில் விழுந்தாள். வீட்டுக்கு வரும்போது வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு உள்ளங்கையும் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. அண்ணிதான் குழாயடியில் உட்காரவைத்து மண்ணைக் கழுவி, இரண்டு உள்ளங்கையிலும் மருந்து போட்டார்.

"வா, மெஷின்ல பாத்துடலாம்" என்று அப்போதே அழைத்துக்கொண்டு போனார். நானும் போனேன். அன்று டாக்டரம்மா வரும் நாள் இல்லை. போன் செய்தால் வருவார். அண்ணி செய்யவில்லை. "வீட்டுப் பிள்ளைக்காக அவங்க லீவைக் கெடுக்கணுமா?" என்றார். வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

கட்டிலில் உட்காரவைத்தார். பட்டாணி ஜெல்லைப் பார்த்து, "அத்தை, இது யாரோட சளி?" என்றாள்.

"உங்க மாமாவோடது. பேசாம இரு. முதல்ல நல்ல கையைக் குடு."

பட்டாணி இடது கையைக் கொடுத்தாள். அண்ணி பார்த்தார். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோடு, நுனிக்குக் கொஞ்சம் முன்னால் லேசாக மேடு தட்டி, பிறகு ஓடியது. "பாத்தியா, உன் எலும்பு இப்படித்தான் இருக்கு. இது நல்ல கை" என்றார். பிறகு வலது கை. அங்கேயும் அதே இடத்தில் அதே மாதிரி மேடு. இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஒண்ணும் இல்ல. சுளுக்கு."

வலது கையில் துணிக்கட்டு போட்டுவிட்டார். வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நிஜமான ஐஸ்கிரீம்.

ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்தோம். பட்டாணி மாறிப்போயிருந்தாள். கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். குழாயை முழங்கையால் திருகினாள். டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு முன்னங்கைக்கும் நடுவில் இடுக்கித் தூக்கிக் குடித்தாள். எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்று குனிந்து நிற்பார். அவளும் சிரிப்பாள். வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்றபோது மட்டும் நான் முறைத்தேன்.

"பயம்தான். பழக்கினா சரியாயிடும்" என்று அண்ணி சொன்னார். மாலையில் வேலை விட்டு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கச் சொன்னார். அத்தை சொன்னால் பட்டாணி செய்வாள். உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். "சபாஷ். இன்னும் ஒரே தடவை, என் தங்கம் இல்ல?" என்று அண்ணி கைதட்டுவார்.

அடுத்த வாரம் சாப்பாட்டுக் கூடையோடு பட்டாணியையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கூடம் நிறைய ஆட்கள். பட்டாணி முன்னால் ஓடி, கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். ஊசியை முடித்துவிட்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கதவைக் கையால தள்ள மாட்டியா?"

"வலிக்கும்."

"எந்தக் கை?"

பட்டாணி வலது கையைக் காட்டினாள்.

"சரி. இன்னொரு கையால தள்ளலாம்ல?"

"அதுவும் வலிக்கும்."

அண்ணி மருந்துத் தட்டோடு நின்றுவிட்டார். "ஏண்டி, அந்தக் கை வலிக்குதுன்னு நீ சொல்லவே இல்லையே?"

பட்டாணி அண்ணியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள் போல. சின்னக் குரலில் சொன்னாள்:

"நீங்கதானே அத்தை இது நல்ல கைன்னு சொன்னீங்க."

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு மணிக்கட்டிலும் எலும்பு நசுங்கியிருந்தது. இடது தேவலை. வலது, ஓய்வில்லாமல் வேலை வாங்கியதில் வளைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வளைந்தபடியே கூடிப்போயிருக்கும் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து வலது எலும்பை நிமிர்த்தி மாவுக்கட்டு போட்டார்கள். உள்ளே அவள் இருந்த நேரம் முழுக்க அண்ணி வெளியே வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வேலை முடித்து அங்கே வந்திருந்த டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டு, "ரெண்டும் அடிபட்டிருந்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும் சிஸ்டர். எனக்கும் சறுக்கியிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்குச் சறுக்கியிருக்காது மேடம். ரெண்டு உள்ளங்கையிலயும் மருந்து போட்டது நான். ரெண்டு கையையும் ஊனித்தான் விழுந்திருக்கான்னு ரத்தமே சொல்லுச்சு. நான் அதைக் கழுவி விட்டுட்டேன்."

வீட்டில் யாரும் அண்ணியை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன், "விடு, வேணும்னா செஞ்ச?" என்றார். கப்பலிலிருந்து போனில் பேசிய என் வீட்டுக்காரரும், "உன் அண்ணிகிட்ட கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்றார். அண்ணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ அவளைப் பெத்தவ. ஒரு வார்த்தை திட்டிடு. எனக்கு நல்லா இருக்கும்."

நான் நூலைப் பல்லால் கடித்தேன். எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. பந்தை அமுக்கச் சொல்லிக் கைதட்டியது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, எனக்காகப் பேசுகிற ஒரே ஆளிடம் என்ன பேசுவது? "பரவாயில்ல அண்ணி" என்றேன். அவர் தரையில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கி மெஷின் மேல் வைத்தார். பிறகு போய்விட்டார். அடித்திருந்தால்கூட அந்த முகம் அப்படி வாடியிருக்காது.

பட்டாணிக்கு ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் பட்டை வைத்துச் சுற்றிய துணிக்கட்டு. அண்ணி மருத்துவமனையில் நேரம் மாற்றி வாங்கிக்கொண்டு அவளைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், தலை சீவினார். பட்டாணி ராஜ்ஜியம் நடத்தினாள். "அத்தை, மூக்கு அரிக்குது. அங்க இல்ல. இந்தப் பக்கம். ஐயோ, கொஞ்சம் கீழ!" என்பாள். அண்ணன் ஒரு நாள் வழக்கம்போல, "மகாராணிக்கு மூக்கு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார். அதன் பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை.

அண்ணி ஸ்கேன் மெஷினைத் தொடுவதை விட்டுவிட்டார். அடிபட்டு வந்தவர்களை எல்லாம் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். "படம் பாக்குற சிஸ்டர் இல்லையா?" என்று கேட்டால், "இல்ல" என்பார், அவரே எதிரில் நின்றுகொண்டு. டாக்டரம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். கேட்கவில்லை. பாதிப் பேர் எக்ஸ்ரேவுக்குப் போகாமல் தைலக் கடைக்குப் போகிறார்கள் என்று அண்ணிக்கே தெரியும். அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவார்.

இடது கைக்கட்டைப் பிரிக்கும் நாளில் நானும் பட்டாணியும் மருத்துவமனையில் இருந்தோம். டாக்டரம்மா கடைசிக் கட்டிலில் ஒரு பெயிண்டருக்குத் தலையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். படியில் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டாளாம். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"எக்ஸ்ரே எடுக்கணும்மா" என்றார் அண்ணி.

"எக்ஸ்ரே வேணாம் சிஸ்டர், பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்க மாமியார் சொன்னாங்க."

"கைக்கு எடுத்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"இல்ல சிஸ்டர், பயமா இருக்கு. நீங்க மெஷின்ல பாப்பீங்களாம்ல? எங்க பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்."

"நான் பாக்குறதில்ல."

அந்தப் பெண் எழுந்து, "சரி, தைலம் தேய்ச்சுக்கிறேன்" என்று கிளம்பினாள். அண்ணி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். தொண்டையில் உட்கார்ந்திருந்தது எழுந்து வெளியே வந்துவிட்டது.

"என் பொண்ணு கையைக் கெடுத்தீங்க அண்ணி. வலியில துடிச்சவளைப் பாட்டில் தூக்க வச்சீங்க. டாக்டருக்கு ஒரு போன் பண்ண உங்களுக்கு மனசு வரல, எல்லாம் நமக்கே தெரியும்னு நினைப்பு. இப்ப இந்தப் பொண்ணையும் பாக்காம அனுப்பி, இவ கையையும் கெடுக்கப் போறீங்களா?"

பெயிண்டர்கூடத் தையலோடு தலையைத் திருப்பினார். "ஆடாதீங்க" என்று டாக்டரம்மா அதட்டினார். அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிவிடலாம் என்று இருந்தது. அவர் போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வாம்மா, உக்காரு."

மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜெல் புட்டியை அக்குளில் வைத்துக்கொண்டார். அடிபடாத கையை வாங்கினார். நல்ல கை என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இதுவும் வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல சிஸ்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அமுக்குறேன். இங்க? இங்க? முழங்கை? தோள்? வயிறு வலிக்குதா? பிள்ளை அசையுதா?"

"ஐயோ சிஸ்டர், மணிக்கட்டு மட்டும்தான். பிள்ளை உதைக்குது."

அதன் பிறகுதான் பார்த்தார். முதலில் ஒரு கை, பிறகு மறு கை. வீங்கிய கையில் வெள்ளைக் கோடு ஓடி வந்து ஒரு படி இறங்கியது எனக்கே தெரிந்தது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு டாக்டரம்மா தையலை முடிக்கும் வரை காத்து நின்றார். அவர் வந்து பார்த்து, "உடைஞ்சிருக்கும்மா. கட்டு போடணும்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது பட்டாணி முன்னால் குதித்துக்கொண்டு போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். அண்ணி என் கூடவே வந்தார்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. அத்தனை பேர் முன்னாடி..."

"இன்னும் கொஞ்சம் திட்டு" என்றார். "வீடு வர இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திட்ட வரவில்லை. அவர் என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார்.

நான் திட்டியதால் அண்ணிக்குப் பாரம் இறங்கிவிட்டது என்று எழுத ஆசை. இறங்கவில்லை. மெஷினைத் தொட்டார், அவ்வளவுதான். கோட்டில் ஏதாவது தெரிந்தால் டாக்டரைக் கூப்பிட்டார். குழப்பமாக இருந்தால், "எனக்குத் தெரியல" என்று வந்தவர்களிடமே சொன்னார். யாருடைய கையையும் நல்ல கை என்று சொன்னதில்லை.

பட்டாணி இப்போது ஒரு மருந்துக் கடையில் கணினியில் பில் போடுகிறாள். ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். வலது மணிக்கட்டில் வளைவு ஏதும் இல்லை. மிச்சம் இருந்த கொஞ்சமும் வளர வளர நிமிர்ந்துவிட்டது. வலித்தது அவளுக்கு நினைவில்லையாம். மூக்கைச் சொரிந்துவிட்டது மட்டும் நினைவிருக்கிறதாம். மருத்துவமனையில் எக்ஸ்ரே வந்துவிட்டது. அண்ணி இன்னும் அங்கேதான் இருக்கிறார். சாலையைக் கடக்கும்போது பட்டாணியின் இடது கையைத்தான் பிடித்துக்கொள்கிறார். பிடித்தவுடன், இதுவும் வலிக்குதா என்று கேட்கிறார். அவள், "இல்ல அத்தை" என்கிறாள்.